பதிப்பகப் பயிற்சி: யாழ்ப்பாணத்தில் எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் என்ன செய்வது

யாழ்ப்பாணத்தில் புத்தகப் பதிப்பு வேலை பழக வேண்டும், உள்ளகப் பயிற்சிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் வருமென்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வராது. கொழும்பில் உள்ள பெரிய நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு இருக்கும், விண்ணப்பப் படிவம் இருக்கும். இங்கே பதிப்பகம் என்றால் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர்தான். இளைப்பாறிய ஆசிரியர், சஞ்சிகை நடத்துகிறவர், அச்சகம் வைத்துக்கொண்டு பதிப்பையும் சேர்த்துப் பார்க்கிறவர், இப்படி. வீட்டு முன்னறையே அலுவலகமாக இருக்கும். உதவிக்கு ஒரு ஆள் அவர்களுக்கு எப்போதும் தேவை, ஆனால் ஆள் தேவையென்று எழுதிப் போட நேரம் இருக்காது. நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும்.

யாரிடம் போவது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பொது நூலகத்துக்கோ நகரத்துப் புத்தகசாலை ஒன்றுக்கோ போய், கடந்த நான்கைந்து வருடங்களில் இங்கே வெளிவந்த நூல்களை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு, பதிப்புரிமை, வெளியீடு, அச்சுப்பதிப்பு, பக்கங்கள், விலை எல்லாம் அங்கே இருக்கும். சில நூல்களில் அட்டை வடிவமைத்தவர், மெய்ப்பு, அதாவது புரூவ் (அச்சடிக்குமுன் பிழை திருத்த எடுக்கிற பிரதி) பார்த்தவர் பெயரும் இருக்கும். இருபது முப்பது நூல்களைப் பார்த்தால் எந்தப் பதிப்பகம் தொடர்ந்து இயங்குகிறது, எது ஒரே ஒரு நூலுக்காகப் போட்ட பெயர், யாருடைய புத்தகங்கள் சுத்தமாக வருகின்றன என்று விளங்கிவிடும். இரண்டு மூன்று பேரைத் தெரிவுசெய்து, அவர்கள் போட்ட புத்தகம் ஒன்றையாவது முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். வாசிக்காமல் போகிறவரை அவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொள்வார்கள்.

முதலில் வட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதி, எந்த நேரம் வரலாம் என்று கேட்டுவிட்டு நேரில் போவதுதான் இங்கே சரியான முறை. சுயவிபரக் கோவை ஒரு பக்கம் போதும். "சேர், உங்கட புத்தகம் வாசிச்சனான், புரூவ் பார்க்கப் பழக விருப்பம், இரண்டு பக்கம் தாங்கோ, பார்த்துக் காட்டுறன்" என்று கேட்டால், நான்கு பக்க விண்ணப்பத்தை விட அது கூடுதலாக வேலை செய்யும். வெளியீட்டு விழா நெருங்கிய வாரத்தில் மட்டும் போகாதீர்கள். அந்த நேரம் அவர்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது.

காசு பற்றி முதல் நாளே கதையுங்கள். மாதச் சம்பளம் தருகிற நிலையில் இங்கே அதிகம் பேர் இல்லை என்பது உண்மை, ஆனால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கேட்பதில் தவறில்லை. கொக்குவிலில் இருந்து வருகிற பிள்ளைக்கும் பருத்தித்துறையில் இருந்து வருகிற பிள்ளைக்கும் செலவு ஒன்றல்ல. கிழமையில் எத்தனை நாள், எத்தனை மணி வரை, எத்தனை மாதம், முடிவில் கடிதம் தருவார்களா, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற படிவத்தில் கையெழுத்து வைப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இலவசமாக ரைப் மட்டும் செய்விக்க ஒருவர் கேட்டால் அது பயிற்சி இல்லை. மரியாதையாக மறுத்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

சேரும்போது நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: ஒரு புத்தகத்தை முதலில் இருந்து கடைசி வரை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். தனியாகச் செய்யவல்ல, கூட இருந்து பார்க்க. கையெழுத்துப் பிரதி வந்த நாளில் இருந்து கடையில் விற்ற காசு கைக்கு வருகிற நாள் வரை ஒரே நூலின் பின்னால் போனவருக்குப் பதிப்புத் தொழில் விளங்கும். பத்து நூலுக்குப் புரூவ் மட்டும் பார்த்தவருக்குப் புரூவ் மட்டும்தான் விளங்கும். சின்னப் பதிப்பகத்தின் பெரிய வசதியே இதுதான். எல்லாம் ஒரே மேசையில் நடக்கும், பெரிய இடங்களில் இப்படிக் கிடைக்காது.

பிரதி வருகிறது

மூத்த எழுத்தாளர்கள் இன்னும் சி.ஆர். கொப்பியில் கையால் எழுதித் தருகிறார்கள். மற்றவர்களில் பலர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ரைப் செய்த வேர்ட் பைல் அனுப்புவார்கள். அதை, இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையாகிய யூனிகோட்டுக்கு மாற்றுவதுதான் அநேகமாக உங்களுக்குத் தரப்படுகிற முதல் வேலை. மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தவுடன் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம், அங்கேதான் தொடங்குகிறது. "ஆசிரியர்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் ரி, ர் இரண்டும் கால் (ா) போட்ட மாதிரியே தெரிவதால், பழைய கைப்பழக்கத்தில் பலர் ரகரத்துக்குப் பதிலாகக் காலைத் தட்டி மேலே விசிறியும் புள்ளியும் வைத்திருப்பார்கள். மாற்றிய பிறகும் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் கணினிக்கு அது வேறு எழுத்து. "ஆசிரியர்" என்று தேடினால் அகப்படாது, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் உடைந்து நிற்கும். "கௌரவம்" என்பதும் அப்படித்தான், ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். இவற்றைத் தேடி மாற்றுகிற கட்டளைகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த நூலுக்கும் உதவும். நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் மாற்றும்போது பொருளில்லாத தமிழெழுத்துகளாகிவிடும், அந்த இடங்களை மூலப்பிரதியோடு வைத்துத்தான் திருத்த முடியும். பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளிலேயே இன்னும் வேலை செய்கிற அச்சகங்கள் உண்டு. அதற்குப் பிறகு வந்த இன்டிசைன் என்றால், கொம்பு இடம் மாறி நிற்கும்போது எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் பந்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கொம்போசர் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புரூவ்

முதல் புரூவைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் புரூவில் விரலோ அடிமட்டமோ வைத்து வரி வரியாகப் போக வேண்டும். வாசிக்கிறவர் சொற்களை மட்டும் வாசித்தால் போதாது. "புதுப் பந்தி, மேற்கோள் திறப்பு, அவன் வந்தான், காற்புள்ளி, மேற்கோள் முடிவு" என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதலில் வாய் நோகும், பிறகு பழகிவிடும். கண் மட்டும் வாசித்தால் மனம் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்விடும், ஒரு முழு வரி விடுபட்டிருந்தாலும் தெரியாது. ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழந்தமிழ் நூல்களை 1880களில் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிக்காரர். அவருக்கு முன்பே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி நூல்களைப் பிழையறப் பதிப்பிப்பதற்குப் பெயர் எடுத்தவர் ஆறுமுக நாவலர். அவர்களும் பிரதியையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அந்த வேலையைச் செய்தார்கள். நீங்கள் பழகப் போவதும் அதைத்தான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும்.

திருத்தத்தை வரிக்குள் எழுதி நெருக்காமல், பிழையில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சரியானதை ஓரத்தில் எழுதுங்கள். ரைப் செய்கிற அக்கா ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வேகமாகப் போவார், உள்ளே ஒளிந்திருப்பது தப்பிவிடும். இரண்டாம் புரூவில் திருத்திய சொல்லை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஒரு சொல் கூடினால் அந்தப் பந்தி முடியும் வரை வரிகள் நகரும், நகர்ந்த இடத்தில் வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கி நிற்கும். அது தமிழில் கூடாது, இடைவெளியைச் சரிசெய்து மேலே ஏற்ற வேண்டும். கடைசிப் புரூவில் பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்ணும் உள்ளே இருக்கிற பக்க எண்ணும் ஒன்றா, இயல் தலைப்புகள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியா என்று பாருங்கள். அட்டையையும் எழுத்துக் கூட்டி வாசியுங்கள். பெரிய எழுத்தில் உள்ள பிழையைத்தான் எல்லோரும் கடந்து போவார்கள், முன்னட்டையில் ஆசிரியர் பெயர் பிழைத்து, அட்டை முழுவதையும் திரும்ப அடித்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு.

ல, ள, ழவும் ர, றவும் ந, ன, ணவும் எல்லோரும் கவனிக்கிற இடங்கள். வல்லினம் மிகும் இடங்களுக்குப் பதிப்பகத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கும், அதைக் கேட்டு அதன்படி நில்லுங்கள். உரையாடலில் வருகிற "உவன்", "பேந்து", "கதைச்சவை" போன்றவற்றில் கைவைக்க வேண்டாம், பிழைதிருத்தி மென்பொருள் சிவப்புக் கோடு போட்டாலும் அது எழுத்தாளருடைய குரல். ஊர்ப் பெயர், ஆண்டு, பழைய சஞ்சிகைகளின் பெயர் போன்றவற்றில் சந்தேகம் வந்தால் நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் மலர்களும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. 1981இல் எரிந்த பொது நூலகத்தோடு போனவை போக மிச்சத்தைத் தேடிச் சேர்த்தவர்களின் உழைப்பு அது, நன்றாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றும் இதிலேயே சொல்ல வேண்டும். போர்க்கால நினைவுகள், இடம்பெயர்வு, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய பிரதிகள் இங்கே தொடர்ந்து வருகின்றன. அவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் ஊரும் இருக்கும். அப்படியான பிரதியை நண்பருக்குப் படம் எடுத்து அனுப்புவதோ ஒரு பந்தியை முகநூலில் போடுவதோ கூடவே கூடாது. ஒரு பெயர் அச்சில் வந்தால் யாருக்காவது பாதிப்பு வரும் என்று பட்டால், பயிற்சிக்கு வந்த பிள்ளை எப்படிச் சொல்வது என்று யோசிக்காமல் பென்சிலால் வட்டம் போட்டு, பதிப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். முடிவு அவரும் எழுத்தாளரும் எடுப்பார்கள்.

தாளும் பக்கமும்

அச்சகத்துக்கு ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாரம் என்பது அங்கே நேரில் பார்த்தால்தான் விளங்கும்: பெரிய தாளில் பதினாறு பக்கம் அடித்து மடித்து வெட்டுவது. 196 பக்கத்தில் உங்கள் நூல் முடிந்தால் பன்னிரண்டு பாரமும் நான்கு பக்கமும் வரும். அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாகத் தாளும் கூலியும் போகும். முன்னுரையில் சிறிது, வெற்றுப் பக்கங்களில் சிறிது குறைத்து 192க்குக் கொண்டுவந்தால் கணக்கு நேராகும். இதை வடிவமைப்பு முடிகிற நேரத்திலேயே கவனித்துச் சொல்கிற பயிலுநரைப் பதிப்பாளர் விடவே மாட்டார். பக்கம் முடிவாகாமல் அட்டையை முடிக்கவும் கூடாது, முதுகின் தடிப்பு பக்க எண்ணிக்கையிலும் தாளின் கனம் 70 ஜி.எஸ்.எம்.மா (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் நிறை) 80 ஜி.எஸ்.எம்.மா என்பதிலும் தங்கியிருக்கிறது.

இங்கே 300, 500 பிரதிகள் அடிப்பதே பெரும்பாலும் வழக்கம். ஓப்செற் அச்சில் பிளேற்றுக்கான (பக்கங்களைப் பதித்து அச்சடிக்கிற தகடு) செலவு 300 அடித்தாலும் 1000 அடித்தாலும் ஒன்றுதான், அதனால் பிரதி கூடக் கூட ஒன்றின் விலை இறங்கும். குறைந்த பிரதிக்கு டிஜிற்றல் அச்சு மலிவு. சிலர் சென்னையில் அடித்துக் கப்பலில் எடுப்பார்கள். எது இலாபம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது, மூன்று இடத்தில் விலை கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தாள் இறக்குமதிப் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அதற்கு முன், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. பழைய அச்சகக்காரர் யாராவது இருந்தால் அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள், தாளை வீணாக்காமல் வெட்டுகிற கணக்கை அவர்களைப் போல யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

அச்சகத்தில் கல்வெட்டு வேலையும் பார்க்கக் கிடைத்தால் ஒதுக்காதீர்கள். செத்தவீட்டுக்குப் பிறகு 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர்தான் பல அச்சகங்களின் நாளாந்த வருமானம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி, நன்றி நவிலல் என்று பக்கம் குறைவுதான், ஆனால் நாள் ஒரு மணித்தியாலம் கூடப் பிந்த முடியாது. கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளையின் பெயர் வம்சாவழியில் விடுபட்டால் குடும்பத்துக்குள் பெரிய மனத்தாங்கல் வந்துவிடும். குடும்பத்தில் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் அங்கேதான் கைவரும், அது நாவலுக்கும் உதவும்.

எண், உரிமை, பிரதி அனுப்புதல்

ஒவ்வொரு நூலுக்கும் உரிய சர்வதேச அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பு 7 சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. 978க்கு அடுத்து 955 அல்லது 624 வந்தால் இலங்கை நூல். பதின்மூன்று இலக்கத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்: இலக்கங்களை மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு இலக்கம் பிழை. அச்சான பின் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் போக வேண்டும். பார்சல் கட்டுவது உங்கள் தலையில்தான் விழும், தபால் பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள்.

பழைய நூலை மறுபதிப்புச் செய்வதானால் உரிமை யாரிடம் என்று முதலில் தேட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தாளர் இறந்து எழுபது வருடம் வரை உரிமை குடும்பத்துக்கு உண்டு. 1960இல் இறந்தவரின் எழுத்துக்கு 2030 வரை அனுமதி வேண்டும். பிள்ளைகள் இப்போது இலண்டனிலோ மெல்பேர்னிலோ இருப்பார்கள், தேடிப் பிடித்து மின்னஞ்சலில் எழுத்து மூலம் வாங்குங்கள். தொலைபேசியில் "ஓம், போடுங்கோ" என்றது போதாது.

வெளியீடும் அதற்குப் பிறகும்

வெளியீட்டு விழாவில் பயிலுநரின் இடம் வாசலில் உள்ள மேசை. யாழ்ப்பாணத்தில் ஒரு நூலின் அச்சுக் காசில் பெரும்பகுதி அன்று அந்த மேசையில்தான் திரும்பி வருகிறது, அதனால் அந்த வேலையைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். போகும்போது எத்தனை பிரதி கொண்டுபோனீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். நூறு ரூபா, ஐந்நூறு ரூபாத் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள். பலர் நூலின் விலையை விடக் கூடுதலாகக் கடித உறையில் வைத்துத் தருவார்கள், உறையின் மேல் பெயர் இல்லாவிட்டால் கேட்டு எழுதிவிடுங்கள், எழுத்தாளர் பிறகு நன்றி சொல்ல அது வேண்டும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குபவர்களின் பட்டியல் மேடையில் அறிவிப்பவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று இருக்கட்டும். ஏற்புரை முடிந்து சனம் ஒரே நேரத்தில் எழும்பும்போது மேசையில் இரண்டு பேர் நிற்க வேண்டும், ஒருவர் காசுக்கு, ஒருவர் புத்தகத்துக்கு. முடிந்ததும் அங்கேயே மிச்சத்தை எண்ணிக் காசோடு பொருத்திப் பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று விட்டால் ஒருநாளும் பொருந்தாது.

மிச்சம் இருக்கிற 200, 250 பிரதிகளை என்ன செய்வது என்பதுதான் பதிப்பாளரின் உண்மையான தலையிடி, நீங்களும் கட்டாயம் உடன் இருக்க வேண்டிய கட்டம். கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகுதான் காசு தரும், கழிவும் எடுக்கும். ஆகவே எந்தக் கடையில் எந்தத் திகதியில் எத்தனை பிரதி, கழிவு எவ்வளவு, கையொப்பமிட்ட விநியோகச் சீட்டு எங்கே என்பதை ஒரு எக்செல் தாளில் போட்டுக் கொடுங்கள். பல பதிப்பாளர்களிடம் இந்தக் கணக்கு கொப்பிகளிலும் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய், இறாக்கையில் பார்த்து, விற்றதுக்குக் காசும் மிச்சத்துக்கு எண்ணிக்கையும் எடுத்து வாருங்கள். செப்டெம்பரில் கொழும்பில் நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு யாருடைய கடையிலாவது இருபது பிரதி வைக்க முடியுமா, புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு அனுப்ப யாராவது பயணம் போகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

பயிற்சி முடிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கடிதத்தைக் கேளுங்கள். "நன்றாக வேலை செய்தார்" என்று பொதுவாக எழுதாமல், எந்த நூலில் என்ன வேலை என்று குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள், தேவையென்றால் நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குங்கள். மெய்ப்புப் பார்த்த நூலின் விபரப் பக்கத்தில் உங்கள் பெயர் வரவேண்டும் என்று கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. அதைக் கடைசிப் புரூவ் அச்சகத்துக்குப் போவதற்கு முன் கேளுங்கள், பிளேற் போட்ட பிறகு சேர்க்க முடியாது.